கொக்கி இல்லாத சங்கிலி

1987 மார்ச் 12, வியாழன்

மெழுகுவர்த்திக் கம்பெனிக்காரன் வருசா வருசம் கொடுக்கிற டைரி இது. எந்தத் திருவிழாவுக்கு என்ன செபமாலை வாங்கிப் போட வேண்டும், கழுத்தில் போடுகிற உத்தரியங்களில் எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறது, இதைத்தான் இதுவரை எழுதி வந்தேன். இன்றைக்கு எழுத வேறு விசயம் வந்துவிட்டது.

கஸ்பார் போன வள்ளம் நேற்று விடியற்காற்றில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன தார்சியுஸும் அவன் தம்பியும் பலகையைப் பிடித்து மிதந்திருக்கிறார்கள். வேறு வள்ளத்துக்காரர்கள் பார்த்துத் தூக்கி வந்து கரையில் போட்டார்கள். என் மகனை மட்டும் காணவில்லை.

செய்தி வந்ததும் தெருப் பெண்கள் எல்லாரும் என் வாசலில் வந்து உட்கார்ந்து, ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரி செய்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்திரிச்சுப் போங்கட்டி! எம்மவன் கழுத்துல அந்தோணியாரு கெடக்காரு. உங்க ஒப்பாரிய உங்க வீட்டுல வச்சுக்கிடுங்க" என்று விரட்டிவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை. கோயில் வாசலில் புனிதர் சிலையும் பதக்கமும் விற்கிற சுரூபக்கடை வைத்திருக்கிறவள் நான். கண்ணுக்கு லூசியாள், தொண்டைக்குப் பிளாசியார், அம்மைக்குச் செபஸ்தியார், பல்வலிக்குக் கூட அப்போலோனியாள் என்று ஊருக்கெல்லாம் பதக்கம் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, சொந்த மகனுக்கு யாரைப் போட வேண்டும் என்று தெரியாதா? அந்தோணியார் தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர். கஸ்பார் முதல் தடவை கடலுக்குப் போன அன்றைக்கு, வெள்ளிச் சங்கிலியில் அவர் பதக்கத்தைக் கோத்து, சுரூபத்தின் பாதத்தில் தொட்டு வைத்து, பங்குச் சாமியிடம் மந்திரித்துப் போட்டுவிட்டேன். பயல் குளிக்கப் போனால் கழற்றுவான், பந்து விளையாடப் போனால் கழற்றுவான். இது சரிப்படாது என்று ஆசாரியிடம் இழுத்துக்கொண்டு போய், கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றி, கொக்கியை எடுத்துவிட்டு வளையத்தோடு வளையமாகப் பற்றவைக்கச் சொன்னேன். தலை வழியாகவும் வராது. "மாட்டக் கட்டுத மாதிரி கட்டுதியேம்மா" என்று சிரித்தான். கட்டினால் என்ன? அந்தச் சங்கிலி அவன் கழுத்தை விட்டுப் போகவே போகாது.

அவன் வருவான். கொஞ்ச நாளாகத் துரை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் திரிகிறார், என் முன்னால் சட்டையின் மேல்பொத்தானைக்கூடத் திறப்பதில்லை. பெரிய மனுசன் தோரணை. வரட்டும், துண்டைப் பிடித்து இழுத்து ரெண்டு சாத்துச் சாத்துகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

மருமகள் எஸ்கலின் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆறு மாத வயிறு. ஏற்கெனவே இரண்டு கலைந்துபோனது. "பட்டினி கெடந்து இதையும் கொல்லப் போறியாட்டி?" என்று கேட்டேன். சேலையோடு சேர்த்து இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

எனக்கு இவளைப் பிடிக்காது. எழுதுவதில் என்ன வெட்கம். ஆலந்துறைச் செபஸ்தியார் திருவிழாவுக்குப் போன என் மகன் முறுக்கு வாங்கி வருவான் என்று பார்த்தால் பெண் பார்த்து வந்தான். போன கிறிஸ்மஸுக்கு முன்னால், "மாமி, கடையில இருந்து ஒரு அந்தோணியார் மெடல் எடுத்துக்கிடட்டுமா? வயித்துல கட்டிக்கிட்டா இதாவது நிக்கும்" என்று வந்து நின்றாள். "உங்க ஊருக்குச் செபஸ்தியாரு இருக்காருல்லா, அவரப் போய்க் கேளு. அந்தோணியாரு எங்க வீட்டுக்காரரு" என்றேன். சொன்னதில் என்ன தப்பு? அவரவர் ஊருக்கு அவரவர் பாதுகாவலர். அதற்குக் கஸ்பார் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். பெண்டாட்டிதாசன்.

மார்ச் 17, செவ்வாய்

அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்திருக்கிறேன். இன்றைக்கு முதல் செவ்வாய். கடைசிச் செவ்வாய் முடிந்து நாலாம் நாள் அவர் திருவிழா. அதற்குள் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து தர வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். ஏதாவது கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான். எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டானோ.

உப்பு, புளி வாங்கினேன். அரிசி ஊறப் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஆலந்துறைக் கரையில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று காலையில் ஆள் வந்தது. போலீஸ் வந்து நிற்கிறது, யாராவது வந்து பார்க்க வேண்டுமாம். "வயித்துப்பிள்ளைக்காரி பொணத்தப் பாக்கக் கூடாது, நீ இரு" என்று எஸ்கலினிடம் சொன்னேன். எல்லாரும் சொன்னார்கள். கேட்கவில்லை. செருப்பு கூடப் போடாமல் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

ஓலை போட்டு மூடியிருந்தார்கள். போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக்கினார். முகம் இல்லை. மீன் தின்றுவிட்டது. எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்று சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் நான் பார்க்க வேண்டியது கழுத்தைத்தான், பார்த்தேன். வெறுங்கழுத்து.

"உங்க மகனாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"இல்ல."

"நல்லாப் பாருங்க. உயரம், கட்டு எல்லாம் சரியா வருதுங்காங்க."

"ஐயா, எம்மவன் கழுத்துல வெள்ளிச் சங்கிலி உண்டு. பத்தவச்சது. செத்தாலும் கழறாது. இந்தக் கழுத்துல ஒண்ணும் இல்ல பாருங்க. இது எம்மவன் இல்ல."

"அலையில அறுந்திருக்கலாமே?"

"அந்தோணியாரு அறுந்து போவாரா? நீங்க எங்க வேதக்காரரு இல்ல, உங்களுக்குத் தெரியாது."

வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். உடம்பை மேலும் கீழும் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. சங்கிலி இல்லை, அதோடு முடிந்தது. தார்சியுஸ் மட்டும், "மாமி, அன்னைக்கு வள்ளத்துல..." என்று எதையோ ஆரம்பித்தான். "நீ வாய மூடுலே. பக்கத்துல கெடந்த கூட்டாளிய விட்டுட்டுப் பலகையப் பிடிச்சிட்டு வந்தவன்தானே நீ" என்றேன். அவன் எஸ்கலினைத்தான் பார்த்தான். அவள் பிணத்தின் கால்மாட்டில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காராதே என்று யாரோ சொன்னதும் பொத்தென்று சாய்ந்தாள். மசக்கை உடம்பு, நாற்றம் தாங்கவில்லை. வரவேண்டாம் என்று அதற்குத்தானே சொன்னேன்.

போலீஸ்காரர் அவளிடமும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "மாமி சொல்லுததுதான்" என்றாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு வார்த்தை எனக்கு எதிராகப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

கடல் கொண்டுவந்து போட்டவன் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், ஆலந்துறைக்காரர்கள் தங்கள் கல்லறையில் இடம் கொடுப்பார்கள். அது அவர்கள் வழக்கம். சாயங்காலமே அடக்கம் முடிந்தது. ஒரு மரச் சிலுவை, பெயர் கிடையாது. நான் ஒரு பிடி மண் போட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் எங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டு இருக்கிறாளோ, பாவி.

வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. எம்மவன் இல்லை. எம்மவன் இல்லவே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

இரண்டாம் செவ்வாய். எஸ்கலின் அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றாள். போ என்றேன். நான் பூசைக்குப் போகிற நேரத்தில் கிளம்பினாள், இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. அவள் அம்மாதான் எதையாவது சொல்லி அழ வைத்திருப்பாள்.

மார்ச் 31, செவ்வாய்

இவள் மறுபடியும் அம்மா வீடு. போன செவ்வாயும் இந்தச் செவ்வாயும். அது என்ன செவ்வாய்க்குச் செவ்வாய்?

கடையில் மெழுகுவர்த்திக் கட்டு குறைகிறது. எலி மெழுகு தின்னும், கட்டோடு தூக்கிக்கொண்டு போகுமா? எஸ்கலினிடம் கேட்டேன். "நான்தான் எடுத்தேன் மாமி" என்றாள், கொஞ்சம்கூடக் கூசாமல். எதுக்கு என்றால், "கோயிலுக்கு." எங்கள் கோயிலில் இவளை நான் பார்க்கவே இல்லையே. களவாணிக்குத் தைரியம் மட்டும் உண்டு.

ஏப்ரல் 7, செவ்வாய்

நாலாவது. தார்சியுஸ் கடைப்பக்கம் வந்து நின்றான். எதிரே வந்து நிற்பான், நான் நிமிர்ந்தால் தூணைப் பார்ப்பான். "என்னலே?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமி. ஒரு மெடல் தாங்க. பிள்ளைக்கு." கிறிஸ்தோப்பரை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமி, சங்கிலி கழுத்துல இல்லைன்னா அந்தோணியாரு காப்பாத்த மாட்டாரா?" என்று கேட்டான். "போடாதவனுக்கு அவரு எதுக்குப் பொறுப்பு?" என்றேன். அழுதுகொண்டே போனான். குடித்திருந்தான் போல.

ஏப்ரல் 12, ஞாயிறு

குருத்து ஞாயிறு. எஸ்கலினுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம் என்று கூப்பிட்டேன். ஏழாம் மாதம், இடுப்பெலும்பு இளக வேண்டும், எனக்கு மட்டும் ஆசையா என்ன? உடம்பைத் தொடவிடவில்லை. அடிப்பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நானே குளிச்சுக்கிடுவேன் மாமி" என்று ஓடினாள். ராணிக்கு வேலைக்காரி தொடக்கூடாதாக்கும். எண்ணெய் வீணாகப் போனது.

ஏப்ரல் 17, பெரிய வெள்ளி

கடை மூடல். கஞ்சி.

ஏப்ரல் 19, ஞாயிறு, பாஸ்கா

எஸ்கலினுக்குப் புதுச்சேலை எடுத்திருந்தேன், சிவப்பு. கண்ணாடி வளையல் கை நிறைய. பூ. வேண்டாம் என்றாள். "ஏன், எம்மவன் செத்துட்டானா நீ பூ வேண்டாங்கதுக்கு?" என்று கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு தலையைக் குனிந்தாள், நானே பூவைச் செருகினேன். தாலிக்கொடியைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டேன், புறா போட்ட தாலி, எல்லாரும் பார்க்கட்டும். தேர் பார்க்கக் கூட்டத்தின் நடுவே நடத்திக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் ஆட்கள் விலகி நின்று எங்களைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் பூவை மூடிக்கொண்டே வந்தாள், வெயிலோ என்னவோ.

கஸ்பார் வந்து பார்த்தால் சந்தோசப்படுவான்.

மே 5, செவ்வாய்

எட்டாவது. பூசை முடிந்ததும் சாமி கூப்பிட்டார். சின்ன வயசு, போன வருசம்தான் வந்தவர்.

"ஜெசிந்தாம்மா, கஸ்பாருக்கு ஒரு இறந்தோர் பூசை வச்சுரலாமா? ரெண்டு மாசம் ஆகப் போவுது."

"ஆள் இருக்கும்போது எதுக்கு சாமி செத்தவன் பூசை?"

"எஸ்கலின் பிள்ளையை நெனச்சுப் பாருங்க. அது ரொம்பக் கஷ்டப்படுது. நீங்க அது கூட ஒருநாள் உக்காந்து பேசுனா என்ன?"

"அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

சாமி தரையைப் பார்த்தார். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் சொல்ல முடியாது. நீங்களே கேளுங்க."

கேட்பேனா? இவள் ஏதோ பாவம் பண்ணியிருக்கிறாள், அதுதான் தொட்டால் சுருங்குகிறாள். என்ன பாவமாக இருந்தால் எனக்கென்ன. நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டாம்.

மே 6, புதன்

எனக்குத் தெரிய வேண்டாம் என்று நேற்று எழுதியதை இன்றைக்கு வாசித்தேன். அப்படி ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. முதுகுவலி. ரெண்டு மாத்திரை போட்டேன்.

மே 19, செவ்வாய்

பத்தாவது. அந்தோணியார் பேசாமல் கையில் குழந்தை யேசுவை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

மே 26, செவ்வாய்

இன்றைக்குப் பெரிய சண்டை. மூன்றாம் வீட்டு ரெஜினாள் வந்து, "மைனி, உங்க மருமவள ஆலந்துறைக் கல்லறையில பாத்தேன். அந்த அநாதைப் பொணத்துக் குழிகிட்ட மெழுகுதிரி கொளுத்திட்டு இருக்கா. நெறமாசக்காரி கல்லறைக்குப் போலாமா?" என்று ஊதிவிட்டுப் போனாள்.

வந்தவுடன் பிடித்துக்கொண்டேன். "அம்மா வீடு அம்மா வீடுன்னு நீ போறது சுடுகாட்டுக்காட்டி? எவனோ ஒருத்தன் குழியில உனக்கு என்ன சோலி? எம்மவன் பிள்ளைய வயித்துல வச்சிக்கிட்டுப் பொணத்தோட பேசப் போனியா?"

எஸ்கலின் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். "அவியளுக்கு யாரும் இல்லல்லா மாமி. ஒருத்தராவது போவணும்லா."

"அநாதைக்கு ஆண்டவன் இருக்காரு. உனக்கு எதுக்கு?"

"இனிமே போவல மாமி" என்றாள். உள்ளே போய்ப் பாயில் சுருண்டுவிட்டாள். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மீன் கழுவினேன். கழுவின மீனையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் மார்ச் மாதத்திலிருந்து மீன் சாப்பிடுவதில்லை. இன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. வெறும் ரசமும் துவையலும்தான். மசக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மசக்கைதான்.

ஜூன் 2, செவ்வாய்

பன்னிரண்டாவது. திருவிழாவுக்குச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. அலுமினியம் பதக்கம், பித்தளைப் பதக்கம், வெள்ளி முலாம். எல்லாவற்றிலும் ஒரே முகம். பிரித்துக் கொக்கியில் மாட்டும்போது கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. முலாம் போட்ட வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

பதின்மூன்றாம் செவ்வாய். பூசைக்குப் போக முடியவில்லை. விடியும்போதே எஸ்கலினுக்கு வலி எடுத்துவிட்டது. தார்சியுஸ் வண்டி பிடித்து வந்தான். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நர்சு வெளியே வந்தாள். "எஸ்கலினுக்குச் சொந்தக்காரங்க யாரு? இந்தாங்க பாட்டி, மேல கெடந்த நகையெல்லாம் கழத்தியாச்சு. பிரிச்சுப் பாத்து வாங்கிக்கிடுங்க, பெறகு அதக் காணும் இதக் காணும்னு எங்ககிட்ட வரக்கூடாது."

துணி முடிச்சைப் பிரித்தேன். தாலிக்கொடி. நான் பாஸ்காவுக்குப் போட்ட வளையல். கம்மல். அதற்கு அடியில், இடுப்பில் கட்டுகிற கறுப்புக் கயிறு ஒன்று. கயிற்றில் ஒரு வெள்ளிச் சங்கிலி சுற்றிக் கட்டியிருந்தது. சங்கிலியில் அந்தோணியார்.

என் கடையில் இதைப் போலப் பதக்கம் எத்தனையோ கிடக்கிறது. இது வேறே. விளிம்பில் கஸ்பார் சின்னப் பிள்ளையில் கடித்த பல்தடம் இருக்கிறது, தொட்டிலில் கட்டியிருந்த பதக்கம்தான் இது. சங்கிலியில் பற்றவைத்த இடம் கறுப்பாக, அப்படியே இருக்கிறது. அதற்கு மறுபக்கம் ஒரு வளையம் குறடால் வெட்டியிருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். தார்சியுஸ் என் கையில் இருப்பதைப் பார்த்தான். கீழே தரையில் உட்கார்ந்து, "நான்தான் மாமி வெட்டிக் கொடுத்தேன். அவன் கேட்டான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பெண் குழந்தை. நல்ல கனம்.

பன்னிரண்டு செவ்வாய் முட்டி போட்டேன். காணாமல் போனதைக் கொடு என்று கேட்டேன். கடைசிச் செவ்வாய் சொன்ன சொல் தவறாமல் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார், நல்ல புனிதர். நான் கேட்டது இதையா? இதையா கேட்டேன்?

ஜூன் 10, புதன்

காலையில் உள்ளே விட்டார்கள். குழந்தை அவள் பக்கத்தில் தூங்கியது. கஸ்பாரின் நெற்றி. எஸ்கலின் என் கையில் இருந்த துணி முடிச்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தாலிய நீங்க வச்சுக்கிடுங்க மாமி. அத மட்டும் தாங்க."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப வெட்டுனான்?"

"கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட. நீங்க கடையில மெடல் தர மாட்டேன்னு சொன்னீங்கள்லா, அன்னைக்கு ராத்திரி எல்லாம் அவிய தூங்கல. ஆசாரிக்கிட்ட போனா உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு தார்சியுஸ் அண்ணன்கிட்ட போனாவ. பிள்ள பொறந்ததும் திருப்பிப் பத்தவச்சுக்கிடுவேன், அதுவரைக்கும் அம்மாக்குத் தெரிய வேண்டாம்னாவ."

"ஆலந்துறையில கெடந்தது..."

"ஆமா மாமி."

"முகம் இல்லியேட்டி. எப்படிக் கண்ட?"

"எடது கால்ல கட்டைவெரல் நகம் கெடையாதுல்லா."

நங்கூரம் விழுந்து அந்த நகம் போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. அந்தக் காலை மூன்று நாள் என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் நான். அன்றைக்கு ஆலந்துறைக் கரையில் ஓலையை இன்னும் ஒரு முழம் விலக்கச் சொல்லியிருந்தால் போதும். நான் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"ஏன் அப்பவே சொல்லல?" சத்தம் போட்டுத்தான் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அவியதான்னு சொன்னா சங்கிலி எங்கன்னு கேப்பீங்க. எங்கிட்ட இருக்குன்னு சொன்னா, எம்மவன் கழுத்துல இருந்து புனிதரக் கழத்திக் கொன்னவ நீதான்னு சொல்லுவீங்க." குரல் ஏறவே இல்லை, கணக்கு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். "சொல்லுவீங்கள்லா மாமி?"

சொல்லியிருப்பேன். இப்போதும் அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்தான் நின்றது. அதை விழுங்க முடியாமல் விழுங்கினேன். சங்கிலியைக் கயிற்றோடு அவள் கையில் வைத்தேன். அவள் அதைக் குழந்தையின் துணிக்கு அடியில் சொருகி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். புருசன் செத்த மூன்று மாதத்தில் அவள் அழுது இன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன். அவளை அழ நான் விடவில்லை. பூ வைத்து, சிவப்புச்சேலை கட்டித் தேர் பார்க்கக் கூட்டிப் போனேன்.

தாலி என் மடியில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 13, சனி, அந்தோணியார் திருவிழா

கடை திறக்கவில்லை. ஊரெல்லாம் கொட்டு, வெடி. சனம் என் மூடின கடைக்கு முன்னால் வந்து நின்று, "ஜெசிந்தா மைனி எங்க?" என்று கேட்டிருக்கும். வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும்.

ஆலந்துறைக்குக் கரை வழியாக நடந்தேன். கல்லறையில் குழிவெட்டுகிற கிழவர் மட்டும் இருந்தார். நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. பெயரில்லாத சிலுவை அந்த வரிசையில் ஒன்றுதான். அதன் அடியில் மெழுகு உருகி உருகி ஒரு கை உயரத்துக்குக் கட்டி தட்டியிருந்தது. என் கடை மெழுகு, எனக்குத் தெரியாதா.

"இதுக்கு ஒரு பிள்ள வருமே, வயித்துப்பிள்ளக்காரி, உங்களுக்கு வேண்டியவளா?" என்றார் கிழவர். "செவ்வாய்க்கெழம தவறாம வரும். கொஞ்ச நாளா ஆளக் காணும்."

"பிள்ள பொறந்திருக்கு."

"நல்லது, நல்லது. ஒரு நாளு கேட்டேன், ஏம்மா, உனக்கு யாருன்னு தெரியும்போல இருக்கே, சாமிகிட்ட சொல்லிப் பேரு எழுதிரலாமேன்னு. வேண்டாம் தாத்தா, எங்க மாமிக்குத் தெரிஞ்சா உசிர விட்டுருவாவ, அவியளுக்கு அந்த ஒரு மவன்தான், இருக்கான்னே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்னு சொல்லிச்சு."

ஆஸ்பத்திரியில் அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. திட்டுக்குப் பயந்தேன் என்பதை மட்டும்தான் சொன்னாள். அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தேன். மெழுகின்மேல் கையை வைத்துக்கொண்டு, வாய்விட்டு, அன்றைக்குத் தெருப் பெண்களை அழவிடாமல் விரட்டினேனே அந்த ஒப்பாரி முழுவதையும், தனியாக அழுது தீர்த்தேன். கிழவர் ஒதுங்கிப் போய் நின்றார். வெயில் ஏறிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து சப்பர வெடி கேட்டுக்கொண்டே இருந்தது.

கிழவர் தாரும் குச்சியும் கொண்டுவந்தார். "என்ன பேரு எழுத?"

"கஸ்பார்."

எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

"தாய்."

குச்சியை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்குக் கரையில ஓலைய வெலக்கும்போது நானும் நின்னேனே. அவன் அம்மா வந்து பாத்துட்டு, எம்மவன் இல்லன்னுல்லா சொல்லிட்டுப் போனாவ?"

"ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."